மஞ்சள் புள்ளிகள் காட்டிய தேதி

கியோத்தோ, ஃபுஷிமி
அக்டோபர் 20, 2017

உராபே சயோகோ-சான் அவர்களுக்கு,

கடிதத்தின் தொடக்கத்தில் வழக்கமாக எழுதும் பருவ விசாரிப்பைத் தவிர்த்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், மன்னிக்கவும். எதை எங்கே சொன்னேன் என்று நானே தடுமாறுபவன். ஆகவே இந்தக் கடிதத்தில் வரப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. சீட்டின் பின்புறம்.
2. பசையும் வெட்டும்.
3. தேதியும் அதிலுள்ள பிழையும்.
4. படமும் அதன் கீழுள்ள விதியும்.
5. என் முடிவு. (தயவுசெய்து இதை முதலில் படிக்க வேண்டாம்.)

‘மூடுபனித் துறை’ ஆட்டத்தின் பழைய சீட்டுகளைச் சேர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அசலா, போலியா? நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. பழையதா, புதியதா என்று கேட்டீர்கள். இருபது வருடமாகக் காணாமற்போயிருக்கும் உங்கள் தம்பி நவோகியின் கையெழுத்துக்கு ஈடான முத்திரை இல்லாமல், காலமான உங்கள் தாயாரின் வீட்டை மாற்றி எழுத முடியாது. ஆகவே தம்பி இறந்ததாக அறிவிக்கும்படி மார்ச் மாதம் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க இருக்கிறீர்கள். அவருடைய பெட்டியில் கிடைத்த இந்தச் சீட்டு அவர் போவதற்கு முன் செய்யப்பட்டதென்றால் விண்ணப்பிப்பீர்கள். பின்னால் செய்யப்பட்டதென்றால் அவர் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறார்; விண்ணப்பிக்க மாட்டீர்கள். நான் ஓய்வு பெறும்வரை அரசு ஆய்வகத்தில் தாளும் மையும் பார்த்தவன். சீட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தது ஒரு கடைக்காரர் கேட்டதால்தான். ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது. 1997-இல் முதல் தொகுதி அச்சாவதற்கு முன், அந்தச் சிறு நிறுவனம் உங்கள் தம்பியைப் போல ஆட்டத்தை வெள்ளோட்டம் பார்ப்பவர்களுக்கு அச்சிட்ட பின்புறங்களை மட்டும் கட்டுக்கட்டாகக் கொடுத்தது. முன்புறத்தில் அவரவர் வண்ண நகலை வெட்டி ஒட்டி ஆடிப் பார்த்தார்கள். அந்தப் பின்புறங்களில் உள்ள விளக்குப் படத்தின் நீலம் சற்றே சிவப்பில் சாய்ந்திருக்கும். விற்பனைக்கு வந்தபோது திருத்திவிட்டார்கள். உங்கள் சீட்டில் அந்தச் சாய்வு இருக்கிறது. பின்புறம் அசல். என் அளவில் சந்தேகமில்லை.

இரண்டாவது. ஒட்டியிருப்பது வீட்டில் காய்ச்சிய அரிசிப் பசை. அது மஞ்சளித்து நுணுக்கமாக வெடித்திருக்கிறது. ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. இருபது வருடத்துக்குக் குறையாது. படத்தைத் தாளிலிருந்து கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். கீழே இடது மூலையில் கத்தி வழுக்கி ஒரு சிறிய பிசிறு விழுந்திருக்கிறது.

மூன்றாவது. வண்ண நகல் இயந்திரங்கள் தாம் அச்சிடும் தாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை இடுகின்றன. கள்ள நோட்டு அடிப்பவர்களைப் பிடிக்கத் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது. நீல விளக்கில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் இயந்திரத்தின் எண்ணையும் அச்சிட்ட தேதியையும் நேரத்தையும் படிக்கலாம். உங்கள் சீட்டில் நான் படித்த தேதி 2018 பிப்ரவரி 12, காலை பத்தே முக்கால். அந்த நாள் இன்னும் வரவில்லை. மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதேதான். இயந்திரத்தின் கடிகாரத்தை யாரோ தவறாக வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. நிறுவனத்து அலுவலகத்தில் இருந்த இயந்திரமாக இருக்கலாம்.

நான்காவது. சீட்டின் பெயர் ‘வாசலில் நிற்பவள்’. நாற்பதைக் கடந்த பெண், அடர்நீலக் கோட்டு, மார்போடு அணைத்த பெட்டி. வெளியே பனி. அவள் நிற்பது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். மாயத் துறைமுகத்தைப் பற்றிய ஆட்டத்துக்கு இது பொருந்தவில்லை, வரைந்தவர் கவனக்குறைவு என்றே நினைக்கிறேன். கீழே உள்ள விதி: ‘இவள் நிற்கும்வரை, வெளியே சென்ற சீட்டை இறந்தவற்றின் குவியலில் சேர்க்க முடியாது.’ எவ்வளவு நேரம் நிற்பாள், எப்படி அகற்றுவது என்று சொல்லவில்லை. ஆட்ட விதியாக இது குறைபாடுடையது.

ஐந்தாவது. சீட்டு பழையது. உங்கள் தம்பி போவதற்கு முன் செய்யப்பட்டது. நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

இதை எழுதும்போது கை தயங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முராசே தொகுஜி

*

மிகுனி
அக்டோபர் 29

முராசே-சான் அவர்களுக்கு,

ஐந்தாவதை முதலில் படிக்க வேண்டாம் என்று எழுதினால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? அதைத்தான் முதலில் படித்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு மூன்றாவதைப் படித்தேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சொன்னால் உங்கள் கண் அதையே தேடும் என்று நினைத்தேன். பிப்ரவரி பன்னிரண்டு அவன் போன தேதி.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்துநான்கு வயது, அவனுக்குப் பத்தொன்பது. சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, ஒரு தடவை வெட்டிக் குடு.”

“நீயே வெட்டிக்கோ. எனக்கு பஸ் போயிடும்.”

“நானே வெட்டக்கூடாதுக்கா. எதிராளிதான் வெட்டணும். இல்லேன்னா கள்ளாட்டம்.”

“நான் உனக்கு எதிராளியாடா?”

“இந்த வீட்ல வேற யாரு இருக்கா? அம்மாவைக் கேட்டா காய்கறிக் கத்தியை எடுத்துட்டு வருவாங்க.”

சிரித்தேன். வெட்டித் தரவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கையை நீட்டிப் பாதியை எடுத்து வைக்கிற நேரம். அவன் கட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு எனக்கு முன்னாலேயே செருப்பறையில் பூட்ஸ் மாட்டினான்.

“உன்னை ஒரு கார்டா வரைஞ்சிருக்கேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் கலர் காப்பி எடுத்துட்டு கொஞ்ச நேரத்துல வந்துடறேன்.”

“என்ன பண்ணும் அந்தக் கார்டு? எல்லாரையும் திட்டுமா?”

“ஒண்ணும் பண்ணாது. நிக்கும்.”

பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அப்பால் இருந்த காகிதக் கடைக்காரர், அவன் வரவே இல்லை என்றார். பாலத்தின் மேல் அவன் குடை கிடந்தது. ஆற்றில் தேடினார்கள், கடலில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வாரமே அம்மா அவன் பெட்டியை நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி, நாடா முடியும் இடங்களிலெல்லாம் தன் முத்திரையைக் குத்தி, பூஜை அலமாரிக்குக் கீழே வைத்தாள். அம்மா போய் ஒரு வருடம் முடிந்து சடங்கெல்லாம் ஆன பிறகு செப்டம்பரில் நான்தான் பிரித்தேன். ஒரு முத்திரைகூட விலகியிருக்கவில்லை. கட்டுக்கு மேலே அந்தச் சீட்டு இருந்தது.

நிறுவனத்து அலுவலகத்து இயந்திரம் என்கிறீர்கள். அந்தப் படத்தை அவன் வரைந்ததே அந்த வாரம்தான். நகலெடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. நகல் மட்டும் எப்படித் திரும்பி வந்தது?

இன்னொன்று. என்னை வரைந்திருப்பதாகச் சொன்னான். அந்தப் படத்தில் இருப்பவள் நானில்லை. என்னைவிட இருபது வயது பெரியவள். அப்படி ஒரு கோட்டு என்னிடம் இருந்ததே கிடையாது.

உங்கள் ஐந்தாவதை என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டு உங்களிடமே இருக்கட்டும். மறுபடி பாருங்கள்.

சயோகோ

*

கியோத்தோ
நவம்பர் 10

சயோகோ-சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பாலத்தின் மேல் கிடந்த குடையைப் பற்றி நான் எதுவும் எழுதக்கூடாது. வருந்துகிறேன் என்று மட்டும்.

ஒரு சாத்தியத்தைச் சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்குக் கூசுகிறது. தம்பி ஒருமுறை திரும்பி வந்திருக்கலாம். நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். தாயார் மட்டும் பார்த்திருக்கலாம். தம்பி கொடுத்த சீட்டைத் தாயார் பெட்டியில் வைத்து, பிறகு நாடா ஒட்டியிருக்கலாம். உங்களிடம் சொல்லாததற்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும். இது அபாண்டமென்றால் இந்தப் பத்தியைக் கிழித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த வழியில் மட்டும் மேலே போகலாம். புள்ளிகளில் இயந்திரத்தின் எண் இருக்கிறது. உங்கள் ஊரில் வண்ண நகல் எடுக்கக்கூடிய இயந்திரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தாள் எடுத்து அனுப்ப முடியுமா? படம் எதுவானாலும் சரி. வெளிர் நிறமாக இருந்தால் புள்ளிகளைப் படிப்பது எளிது. எந்த இயந்திரமும் ஒத்துப்போகாது என்றே எதிர்பார்க்கிறேன். ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிட்டால் என் மனமும் சமாதானமாகும்.

முராசே

*

மிகுனி
டிசம்பர் 4

முராசே-சான் அவர்களுக்கு,

முதலில் ஒரு புகார். உங்கள் உறையில் முகவரியை வெளிறிய சாம்பல் மையில் எழுதியிருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்கும் கடிதத்துக்கு எழுதுகிற மை! தபால்காரர் இரண்டு கையாலும் கொடுத்து, தலையைக் குனிந்துவிட்டுப் போனார். உறையைத் தட்டில் வைத்துவிட்டு முழங்காலை மடக்கி எதிரே உட்கார்ந்தேன். நவோகியின் உடல் எங்கோ கிடைத்துவிட்டது, அதை உங்களுக்கு யாரோ முதலில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்தால் உள்ளே சாதாரண நீல மை. எந்தப் பேனாவை எடுக்கிறோம் என்று பார்த்து எடுங்கள். உங்கள் மேஜையில் அந்தப் பேனா ஏன் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது?

அம்மாவைப் பற்றி எழுதிய பத்தியைக் கிழிக்கவில்லை. ஆனால் அது தவறு. அம்மா சாகும்வரை வாசல் விளக்கை அணைத்ததில்லை. மின்சாரக் கட்டணத்துக்காக நான் சண்டை போட்டும் அணைக்கவில்லை. அவன் ஒருமுறை வந்திருந்தால் அணைத்திருப்பாள்.

மூன்று தாள் அனுப்புகிறேன். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் எடுத்தது. ஒன்று நான் வேலை பார்க்கும் மீன் சந்தை அலுவலகத்தில். மூன்றாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடையில், இன்று காலை எடுத்தது. வெளிர் நிறம் வேண்டும் என்றீர்களே என்று வீட்டுச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு போனேன். கடையில் இருக்கும் ஹமானோ-சான் எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது, வெறும் சுவரைப் போய் கலர் காப்பி எடுக்கறீங்க?”

“புள்ளி பாக்கறதுக்கு.”

“எனக்கு ஒரு புள்ளியும் தெரியலியே.”

“எனக்கும் தெரியல. கியோத்தோல ஒருத்தருக்குத் தெரியுதாம்.”

“அவரை முதல்ல கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. காசு வாங்கிட்டு சுவரைக் குடுத்தேன்னு நாளைக்கு என்னைத் திட்டாதீங்க.”

காகிதக் கடையை இடித்துவிட்டுத்தான் அந்தக் கடையைக் கட்டினார்கள். நகல் இயந்திரம் போன கோடையில் வந்தது. பெட்டி பிரிக்காத புதியது என்று ஹமானோ-சான் சொன்னாள்.

கூடவே எங்கள் ஊர்ப் பயற்றங்களி ஒரு பெட்டி. மற்ற ஊர்களில் இதைக் கோடையில் சாப்பிடுவார்களாம், இங்கே குளிருக்குத்தான். சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள், கெட்டுவிடும்.

சயோகோ

*

கியோத்தோ
ஜனவரி 18, 2018

சயோகோ-சான் அவர்களுக்கு,

மையைப் பற்றி மன்னிப்புக் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். என் வயதில் சக ஊழியர்கள் அடிக்கடி காலமாகிறார்கள்; அந்தப் பேனா அதனால்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இப்போது அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். களியைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றி.

பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் கோழைத்தனம். முடிவு எனக்கு டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது.

ஊராட்சித் தாள் ஒத்துப்போகவில்லை. மீன் சந்தைத் தாளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் வீட்டுச் சுவர் ஒத்துப்போகிறது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் கடையின் இயந்திர எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்று.

அந்தத் தாளில் இருந்த தேதி டிசம்பர் 4. நீங்கள் எடுத்த அதே நாள். கடிகாரம் சரியாக ஓடுகிறது.

இப்போது சரியாக ஓடும் கடிகாரம் முன்பு தவறாக ஓடியிருக்கலாம் என்றுதான் இன்னமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த இயந்திரம் போன கோடையில் வந்தது. பசைக்கு இருபது வயது. இரண்டும் ஒரே சீட்டில் இருக்க முடியாது. ஆகவே என் பரிசோதனையில் எங்கோ தவறு இருக்கிறது. அது எங்கே என்றுதான் தெரியவில்லை.

எழுதலாமா என்று யோசித்த இன்னொன்று. சீட்டை மேஜையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். புத்தாண்டுக்குப் பிறகு சில காலைகளில் எடுத்துப் பார்த்தால் அது வெதுவெதுப்பாக இருக்கிறது, இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்த தாளைப் போல. கணப்பின் வெப்பமாக இருக்கலாம். கணப்பை அணைத்துவிட்டும் பார்த்தேன். அன்றும் இருந்தது.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்ன பயம் என்று கேட்காதீர்கள். ஆனால் ஒரு சீட்டில் அச்சாகியிருக்கும் நாளும் நேரமும் வரும்போது அந்த இடத்தில் யாரும் நிற்காமல் இருப்பது நல்லது. விண்ணப்பத்தை மார்ச் மாதம் கொடுத்துவிடுங்கள். சீட்டைக் கோவிலில் ஒப்படைத்து எரிக்கச் சொல்லலாம். பழைய பொம்மைகளுக்குச் செய்வதுபோலச் சடங்கு செய்து எரிப்பார்கள்.

முராசே

*

மிகுனி
பிப்ரவரி 14

முராசே-சான் அவர்களுக்கு,

போனேன்.

போகாமல் இருந்துவிடுவேன் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள். போன வாரம் முழுவதும் பெய்த பனியில் ஊரே புதைந்து கிடக்கிறது. பாலத்தில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்குத்தான் வழி வெட்டியிருந்தார்கள். விடுமுறை நாள். கடையில் ஹமானோ-சானைத் தவிர யாரும் இல்லை; சரக்கு லாரி வராததால் தட்டுகளெல்லாம் காலி. நவோகியின் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எதற்கு என்று தெரியாது. வெறுங்கையோடு போகத் தோன்றவில்லை.

“ரொட்டியும் இல்ல, சோத்துருண்டையும் இல்ல. சுவர் காப்பி மட்டும் வேணும்னா எடுத்துக்கலாம்” என்றாள் ஹமானோ-சான்.

“ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் நிக்கறேன்.”

“யாருக்காக?”

“தம்பிக்கு.”

“எப்ப வர்றேன்னாரு?”

“கொஞ்ச நேரத்துல வந்துடறேன்னுதான் சொல்லிட்டுப் போனான்.”

கதவருகே போய் நின்று வெளியே பார்த்தேன். பாலம் தெரிந்தது. பனி மறுபடி கொட்ட ஆரம்பித்தது. வெளியே வெளிச்சம் குறைந்ததும் கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. சந்தையில் இந்த ஜனவரியில் எல்லோருக்கும் புதிதாகக் கொடுத்த அடர்நீலக் கோட்டைப் போட்டிருந்தேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். காதோரத்தில் நரை. கண்ணாடிக் கதவு, முராசே-சான்.

எனக்குப் பின்னால் நகல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். யாரும் இல்லை. கைபேசியிலிருந்து அனுப்பி எடுப்பவர்கள் உண்டு, அப்படி யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பாலத்தைப் பார்த்தேன். பனியில் யாரும் வரவில்லை. யாரும் போகவுமில்லை. காலடிகூட இல்லை, என்னுடையதைத் தவிர.

உள்ளறையில் இருந்து ஹமானோ-சான் துண்டோடு வந்தாள்.

“அட, அந்தப் பையன் போயிட்டானா?”

“எந்தப் பையன்?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? உங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தான். தலையெல்லாம் பனி. துண்டு தரட்டுமாப்பான்னேன். கத்தி இருக்கான்னு கேட்டான். பேப்பர் வெட்டற கத்தியைக் குடுத்துட்டுத் துண்டு எடுக்க உள்ள போனேன். பாருங்க, தாளைக்கூட விட்டுட்டுப் போயிருக்கான்.”

“என்கிட்ட ஏதாவது பேசினானா?”

“அவன் பேசல. நீங்களும் பேசல. ரெண்டு பேரும் வெளிய பாத்துட்டு நின்னீங்க. முகச்சாடை ஒண்ணா இருக்கே, இவன்தான் தம்பியா, இல்ல பிள்ளையான்னு உள்ள யோசிச்சிட்டே இருந்தேன்.”

இயந்திரத்துக்குப் பக்கத்து மேடையில் கத்தி கிடந்தது, அலகு வெளியே நீட்டியபடி. தட்டில் ஒரு தாள். அதில் அந்தப் படம் ஒன்பது முறை அச்சாக வேண்டிய இடத்தில் எட்டுமுறைதான் இருந்தது. நடுவில் செவ்வகமாக ஒரு ஓட்டை. தாள் இன்னும் சூடாக இருந்தது.

பெட்டியை மேடையில் வைத்துத் திறந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது கட்டுக்கு ரப்பர் போட்டிருந்தேன். இப்போது ரப்பர் இல்லை. கட்டு பெட்டியின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, என் பக்கமாக.

கையை நீட்டினேன். பாதியை எடுத்து வைத்தேன், மீதியை அதன்மேல் வைத்தேன். “வெட்டிட்டேன்டா” என்று சத்தமாகவே சொன்னேன். ஹமானோ-சான் சூடான காபி டப்பா ஒன்றைத் திறந்து என் கையில் வைத்தாள்.

தாளைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பனியால் தாமதமாகும் என்றார்கள். நான் எதையும் அளந்து பார்க்கவில்லை, அது உங்கள் வேலை. மார்ச் இருபதாம் தேதி நீதிமன்றத்துக்குப் போகிறேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘காணாமற்போன நாளிலிருந்து இன்றுவரை உயிரோடிருப்பதற்கான அறிகுறி ஏதும் தென்பட்டதா?’ அதில் ‘இல்லை’ என்று எழுதினால்தான் எடுத்துக்கொள்வார்கள். எழுதலாமா, கூடாதா? இந்த முறை வரிசை வேண்டாம். அதை மட்டும் சொல்லுங்கள்.

சயோகோ

*

கியோத்தோ
மார்ச் 6

சயோகோ-சான் அவர்களுக்கு,

வரிசை வேண்டாம் என்றீர்கள். வரிசை இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதக்கூடாது.

தாள் வந்து சில நாள் உறையைத் திறக்காமலே வைத்திருந்தேன். பிறகு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, தாளை அதில் வைத்தேன். அக்டோபரிலிருந்து என் வீட்டை விட்டு வெளியே போகாத சீட்டைப் பூட்டிய இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அது ஒருமுறைகூட வெதுவெதுப்பாக இல்லை. சாதாரணத் தாளின் குளிர்ச்சிதான்.

சீட்டைத் தாளின் ஓட்டையில் வைத்தேன். பொருந்தியது.

பொருந்தியது என்றால் அளவு ஒத்துப்போனது என்று மட்டும் பொருளில்லை. என் சீட்டின் இடது மூலையில் கத்தி வழுக்கிய பிசிறு இருந்ததே, அதன் மறுபாதி உங்கள் தாளில் இருக்கிறது. அந்தக் கீறல் சீட்டிலிருந்து தாளுக்குள் நேராக ஓடுகிறது. வெட்டுப்பட்ட இழைகள் ஒவ்வொன்றாக எதிரெதிரே நிற்கின்றன. நீல விளக்கைப் போட்டதும் மஞ்சள் புள்ளிகளின் வரிசை தாளிலிருந்து சீட்டைக் கடந்து மறுபடி தாளுக்குப் போயிற்று, ஒரு புள்ளிகூட விலகாமல். இயந்திர எண் ஒன்று. நாள் ஒன்று. நேரம் ஒன்று. ஆனால் தாள் பால்போல் வெண்மை. சீட்டு இருபது வருடப் பழுப்பு. வெள்ளைச் சுவரில் ஒரு பழைய சன்னலைப் போல அது அங்கே இருந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலா என்று கேட்டார்.

என் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பின்புறம் அசல் என்றேன். இப்போதும் அசல்தான்.

பசைக்கு இருபது வயது என்றேன். இன்னொரு முறை சோதித்தேன். இருபதுதான்.

கண்ணாடிக் கதவைக் கவனக்குறைவு என்றேன். நான் பார்த்ததில் தவறில்லை, கதவு கண்ணாடிதான். அந்த இளைஞரைக் குறை சொன்னது அதிகப்பிரசங்கித்தனம். விதி குறைபாடுடையது என்றதும் அப்படித்தான். அவள் எவ்வளவு நேரம் நிற்பாள் என்பதை விதியில் எழுத முடியாது. அது நிற்பவருக்குத்தான் தெரியும்.

சீட்டு பழையது என்று முடிவு சொன்னேன். அதையும் மாற்றிக்கொள்ளவில்லை, பழையதுதான். பழையதாக இருந்துகொண்டே அது சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை அச்சாகியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் யாராவது கேட்டால் வந்து சொல்கிறேன். ஆட்கள் முன்னால் பேசினால் எனக்குக் குரல் நடுங்கும், நடுங்கினாலும் சொல்கிறேன். வீட்டை மாற்றி எழுதுவது நின்றுபோகும் என்று தெரியும். வாசல் விளக்கு எரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தாளையும் சீட்டையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அப்படியே வைத்து அனுப்புகிறேன். உறையின் முகவரியைக் கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன். எழுதும் முன் பேனாவை இரண்டு முறை பார்த்தேன்.

ஒன்று பாக்கி. மூன்றாவதாக எழுதியது தவறு. அந்த இயந்திரத்தின் கடிகாரத்தை யாரும் தவறாக வைக்கவில்லை.

முராசே தொகுஜி